பழைய ஜீப்பின் பட்டை வில்கள்

புனேயிலிருந்து மேற்கே முல்ஷி நீர்த்தேக்கத்தைக் கடந்து சென்றால், தாம்ஹிணிக் கணவாய் வழியே சஹ்யாத்ரி மலையிலிருந்து கொங்கணத்திற்கு இறங்கலாம். மழைக்காலத்தில் இப்பாதையில் முகிலும் நீரும் ஓய்வதில்லை. தெற்கே போர் என்னும் ஊரிலிருந்து மஹாட் நோக்கி இறங்கும் வரந்தா கணவாயும் இதற்கு இளைத்ததன்று. பெரிய சாலையை விட்டுக் கிராமத்துக் கிளைப் பாதையில் திரும்பினால், தக்காணத்துக் கருங்கல் உடைந்த கூரிய சல்லியும் சேறுமே எதிர்ப்படும். பயிர், காடு, நில அளவை முதலிய துறைகளின் ஊழியர்களை இப்பாதைகளில் நெடுங்காலம் ஏற்றிச் சென்றது ஜீப். அவ்வண்டிகளுள் சில இன்றும் ஓடுகின்றன.

இத்தகைய வண்டி ஒன்று நின்ற நிலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், “வில் தளர்ந்துவிட்டது, கொஞ்சம் குலுக்கும்” என்று சொல்லி ஒத்திப்போடுவது வழக்கம். குலுக்கல் சிறு துன்பமே. கணவாயின் இறக்கத்தில் திருப்பத்தின் நடுவே தடையை அழுத்தும்போது சக்கரங்களின் அச்சு தன் இடத்தில் நிற்குமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்குக் காரணம் ஜீப்பின் அமைப்பிலேயே உள்ளது. இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1945 வரை உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பின் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் நான்கு பட்டை வில்களே தாங்கின. போருக்குப் பின் மஹீந்திரா நிறுவனம் பம்பாயில் கூட்டிய ஜீப்புகளும் இம்முறையையே பின்பற்றின. பட்டைகளின் அகலம் 1¾ அங்குலம், அதாவது சுமார் 44 மி.மீ. சுருள்வில் பூட்டிய வண்டியில் வில் எடையை மட்டும் தாங்கும். அச்சை முன்பின் நகராமல் பிடிக்கத் தனித் தண்டுகள் உண்டு. ஜீப்பில் அத்தண்டுகள் இல்லை. எடை தாங்குதல், சக்கரத்தின் உந்துவிசையை வண்டியின் சட்டத்திற்குக் கடத்துதல், தடையின் இழுப்பையும் திருப்பத்தின் பக்கத்தள்ளலையும் ஏற்றல் ஆகிய அனைத்தும் பட்டை வில்லின் தலையிலேயே விழுகின்றன. இரு முனைகளிலும் கண் போலச் சுருட்டப்பட்ட மிக நீண்ட பட்டையே சட்டத்துடன் இணைவது. பட்டறைகளில் இதனை மெயின் பட்டை என்பர். இது முறிந்தால் அச்சின் ஒரு பக்கம் பிடியிழந்து பின்னுக்கு நகரும். முன்னச்சாயின் திருப்புசக்கரம் ஓட்டுபவர் கைக்குக் கட்டுப்படாது. 2020இல் வெளிவந்த புதிய தார் வண்டியில் பட்டை வில் அறவே நீங்கிச் சுருள்வில் வந்துவிட்டது. ஆயினும் பழைய வண்டியை வைத்திருப்பவருக்கு இதனால் ஆறுதல் இல்லை.

வில்லின் இயல்பை வகுப்பறையில் எளிதில் காட்டலாம். ஒரே அளவுள்ள இரண்டு எஃகு அளவுகோல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, நீட்டிய முனையில் சிறு எடையைத் தொங்கவிட, அது 8 மி.மீ. தாழ்கிறது என்று கொள்வோம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே வைத்து அதே எடையைத் தொங்கவிட்டால் 4 மி.மீ. தாழும். இரண்டையும் வழுக்காதபடி உறுதியாக ஒட்டிவிட்டாலோ ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே தாழும். தடிப்பு இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதே விதி. பட்டைகளை ஒட்டாமல் அடுக்குவதன் நுட்பம் இதுதான்: ஒவ்வொரு பட்டையும் அடுத்ததன்மேல் வழுக்கி, தானே தனியாக வளைகிறது. அதனால் மெல்லிய பட்டைகள் பல சேர்ந்து, முறியாமலும் விறைத்துப் போகாமலும் பெரும் எடையைத் தாங்குகின்றன.

இதிலிருந்து ஓர் ஏமாற்றத்தையும் அறியலாம். சேறும் நீரும் பட்டைகளுக்கிடையே புகுந்து துருவேறினால் அவை வழுக்கமாட்டா. ஒட்டிய அளவுகோல்களைப் போலாகிவிடும். வண்டி கடினமாகத் துள்ளும். ஓட்டுநர் இதனை வில்லின் வலிமை என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் அதே துரு பட்டையை அரித்துக்கொண்டிருக்கும். 6 மி.மீ. தடிப்புள்ள பட்டை 5.7 மி.மீ. ஆகத் தேய்ந்தால் இழப்பு 5 விழுக்காடுதான். ஆனால் மேற்கூறிய விதிப்படி விறைப்பில் 14 விழுக்காடு போய்விடும். வெறுங்கண்ணுக்கு இத்தேய்வு தெரியாது. எனவே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அச்சிலிருந்து சட்டம் வரையுள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதி வைப்பது நலம். ஓட்டுநர் எப்போதும் ஒரே பக்கம் அமர்வதால் அப்பக்கம் முதலில் தாழ்வது இயல்பு.

தளர்ந்த வில்லைக் கொல்லரிடம் கொடுத்து நிமிர்த்துவது பழைய வழக்கம். குளிர்ந்த நிலையில் சம்மட்டியால் தட்டி வளைவேற்றிக் கொடுப்பது ஊர் திரும்பும்வரை உதவும். அக்கைத்திறனை நாம் இகழ்வதற்கில்லை. சிவக்கக் காய்ச்சி வளைப்பதோ முற்றிலும் வேறு. வில் எஃகு, சுமார் 850 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலிருந்து எண்ணெயில் ஆற்றிக் கடினமாக்கப்பட்டு, மீண்டும் 400 முதல் 500 பாகை அளவில் பதப்படுத்தப்பட்டது. உலையில் சிவந்ததும் அந்தப் பதம் போய்விடும். காற்றில் ஆறினால் மென்மையாகிச் சில வாரங்களில் மறுபடியும் தாழும். நீரில் தோய்த்தால் நொறுங்கும் தன்மை பெறும். முறிந்த பட்டையைப் பற்றவைப்பதும் இதே காரணத்தால் கூடாது. தளர்ந்த அடுக்கில் புதுப்பட்டை ஒன்றைச் செருகுவதும் நன்றன்று. குட்டைப் பட்டைகளுக்குச் சற்று மிகுந்த வளைவு கொடுத்து, இறுக்கும்போது மெயின் பட்டையின் சுமை குறையும்படி செய்திருப்பார்கள். வளைவு ஒவ்வாத பட்டை இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும்.

ஆகவே வில்லை மாற்றுவதே முறை. ஒரே அச்சின் இரு வில்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையேல் சாய்வு மறுபக்கம் தோன்றும். புனேயின் நானா பேட்டைக் கடைவீதி மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும் பழைய வில்லையே கையோடு கொண்டுசெல்லுங்கள். பட்டையின் எண்ணிக்கை, அகலம், தடிப்பு, கண்ணுக்குக் கண் நீளம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். அடுக்கை ஊடுருவும் சென்டர் போல்ட் நட்டநடுவில்தான் இருக்கும் என்று எண்ண வேண்டா. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் அதன் தொலைவைத் தனித்தனியே அளக்க வேண்டும். மோட்டார் பட்டை வில்களுக்கு ஐ.எஸ். 1135 என்னும் இந்தியத் தர நிர்ணயம் உண்டு. அதனைக் கேட்டு வாங்குவது விலைபேசுவதைவிடப் பயனுள்ளது.

கழற்றும் முன்தினமே மரைகளில் எண்ணெய் விட்டு ஊற வைக்கலாம். மற்ற சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, வண்டியைத் தூக்கியபின் சட்டத்தின் அடியில் உறுதியான தாங்கிகளை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் புகலாகாது. அச்சை வேறொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டபின் யு-போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். பழைய ஜீப்பில் வில் அச்சின் கீழே அமைந்திருப்பதால், தாங்கல் இன்றி யு-போல்ட்டை நீக்கினால் வில் சட்டென்று கீழே விழக்கூடும். தடைக்குழாய் அச்சின் எடையால் இழுபடாமல் பார்த்துக்கொள்க. வில்லைச் சட்டத்துடன் இணைக்கும் ஷேக்கிள்கள் பழைய வில்லிஸ் வகையில் மரையுள்ளவை. அவற்றுள் சில இடது மரை கொண்டவை. திரும்பாத மரையை வலிந்து முறுக்குமுன் அது எப்பக்கத்து மரை என்று ஒருகணம் நோக்குவது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். முன்னச்சில் ஆப்பு வடிவத் தகடு இருந்தால் அதன் தடித்த முனை எத்திசையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றி வைத்தால் வண்டி நேராக ஓடாது.

பூட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையில் உள்ள குழியில் சரியாக அமர வேண்டும். அச்சை வில்லின்மேல் நகராமல் நிறுத்துவது அதுவே. யு-போல்ட்டுகள் ஒருமுறை நீண்டவை, புதியனவே வேண்டும். நான்கு மரைகளையும் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ரப்பர் புஷ் உள்ள பிந்திய வகை வண்டியாயின், கண்ணின் போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் நின்று எடை ஏறியபின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்குண்டு விரைவில் கிழியும். மரை ஷேக்கிள்களுக்குக் கிரீஸ் இடுவதும், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் நிறைவாக இருப்பதும் அவசியம். கிளிப்பு இல்லையேல் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மெயின் பட்டை தனியே இழுபடும். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500 ஆனதும் மறுமுறை யு-போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.

கழற்றிய பட்டைகளுள் முறிந்தது இருப்பின் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பள்ளிக்குக் கொடுங்கள். பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையருகே அது முறிந்திருக்கும். முறிவுப் பரப்பில் ஒரு பகுதி வழவழப்பாகவும் துரு படிந்து கறுத்தும், எஞ்சியது சொரசொரப்பாகவும் பளபளப்பாகவும் காணப்படும். கறுத்த பகுதி, வெடிப்பு ஒவ்வொரு குலுக்கலிலும் சிறுகச் சிறுக வளர்ந்த இடம். பளபளப்பது கடைசி நாளில் ஒரே கணத்தில் முறிந்த இடம். கறுப்பு எத்தனை பங்கு, வெண்மை எத்தனை பங்கு என்று மாணவர்களே அளந்து பார்க்கட்டும்.