முகம் வெளுக்கப் பாதரசம்; பழுதாவது சிறுநீரகம்

புதுதில்லி: மேலை நாடுகளில் வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளப் புற ஊதாக் கதிர் விளக்குகளின் கீழ் படுக்கிறார்கள். அந்தச் சாதனங்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009-ல் அறிவித்தது. நம் நாட்டில் ஆசை நேர் எதிரானது. கறுத்த தோல் வெளுக்க வேண்டும். அந்த ஆசைக்குச் சிறுநீரகம் பலியாவது கேரளத்தில் வெளிப்பட்டுள்ளது.

மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேருக்கு ஒரே வகைச் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்து, உடலுக்குத் தேவையான புரதம் சிறுநீரோடு வெளியேறும் நோய் இது. காலும் முகமும் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். இவர்களில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற புரதத்துடன் தொடர்புடைய அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசி வந்தவர்கள். ஒருவருக்கு மூளையின் சிரையில் இரத்தம் உறைந்தது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் குணமடைந்தனர்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியைப் பாதரசம் தடுக்கிறது. ஆகவே முகம் வெளுப்பது உண்மைதான். வாங்கியவர் மறுபடியும் வாங்குவதும், அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வதும் அதனால்தான். தோல் வழியாக இரத்தத்தில் கலக்கும் பாதரசம் சிறுநீரகத்தில் சேர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. கண்ணுக்கு இடும் பொருள்கள் நீங்கலாக, மற்றவற்றில் தற்செயலாகக் கலப்பதும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையையும் இந்தியா 2018-ல் ஏற்றுள்ளது. ஆனால் தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாத டப்பா மீது எந்த விதியைப் பாய்ச்சுவது? கேரள மருந்து கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது. அனுமதிக்கப்பட்ட அளவைவிட 12 ஆயிரம் மடங்கு வரை பாதரசம் கண்டறியப்பட்டதாக 2025-ல் மாநில சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் தெரிவித்தார். ஒரு மாநிலம் தேடியதால் கிடைத்த கணக்கு இது.

தில்லியின் வேகம் வேறு. தோலை வெளுப்பாக்குவதாக விளம்பரம் செய்வோருக்கு, முதல் முறை 2 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், மறுபடியும் செய்தால் 5 ஆண்டும் 50 லட்சமும் என 2020 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் சட்டத் திருத்த வரைவை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அது சட்டமாகவில்லை. அதே 2020-ல் நாட்டின் மிகப் பிரபலமான சிவப்பழகு க்ரீம் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை மட்டும் நீக்கிக்கொண்டு விற்பனையைத் தொடர்ந்தது.