ரயிலில் பாடிய சிறுமி... ஒரு லட்சம் சம்பளம் வாங்கிய கே.பி.சுந்தராம்பாள்!

'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானம் செய்வாரே ஔவையார், நினைவிருக்கிறதா? அவர்தான் கே.பி.சுந்தராம்பாள்.

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையால் ரயிலில் பாடிய சிறுமி, நாடக மேடை ஏறினார். மைக் இல்லாத காலம் அது. ராகமும் பிசகக் கூடாது, கடைசி வரிசைக்கும் குரல் கேட்க வேண்டும். இரண்டும் அவருக்குக் கைவந்தன. இலங்கையில் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் நடித்தார், பிறகு அவரையே மணந்தார்.

1933-ல் கிட்டப்பா மறைந்தபோது, சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைக் கதருக்கு மாறினார். 'இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை' என்று முடிவெடுத்தார். நாயகி வேடத்தை நம்பியிருந்த தொழிலில், பிழைப்பையே பறிக்கக்கூடிய முடிவு அது.

ஆனால் நடந்தது வேறு. 'பக்த நந்தனார்' (1935) படத்தில் அவரே ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அடுத்து 'மணிமேகலை', 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள்... காதல் காட்சியே தேவைப்படாத வேடங்கள். எல்லாவற்றிலும் குரல்தான் கதாநாயகி.

சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 'துணைவன்' படத்தில் பாடியதற்காக, 60 வயதைத் தாண்டிய பிறகு சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறையும்வரை அந்த வெள்ளைக் கதரை அவர் மாற்றவில்லை.