கட்டடத்தின் சொந்த எடை

மேசைமீது இருக்கும் புத்தகம் அசைவதில்லை. அசையவில்லை என்பதால் அதன்மீது எந்த விசையும் செயல்படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. புவியீர்ப்பு விசை அதனைக் கீழ்நோக்கி இழுக்கிறது. மேசைப் பலகை அதே அளவு விசையுடன் மேல்நோக்கித் தாங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் புத்தகம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இவ்வாறு அசையாமல் இருக்கும் பொருள்களின்மீது செயல்படும் விசைகளை ஆராயும் துறையே நிலையியல். பொறியியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கும் பாடம் இது. பாலம், பாரந்தூக்கி, அடுக்குமாடிக் கட்டடம் என எதை வடிவமைப்பதாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்பாடத்தின் அடிப்படை நிபந்தனைகள் இரண்டே. ஒரு பொருளின்மீது செயல்படும் விசைகள் அனைத்தையும் திசையோடு சேர்த்துக் கூட்டினால் விடை சுழியமாக இருக்க வேண்டும். இல்லையெனில் பொருள் நகரும். அவ்விசைகள் பொருளைத் திருப்ப முயலும் ஆற்றலையும் கூட்டினால் விடை சுழியமாக இருக்க வேண்டும். இல்லையெனில் பொருள் சுழலும். இந்தத் திருப்பும் ஆற்றலுக்குத் திருப்புத்திறன் என்று பெயர். விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும்.

சந்தையிலும் சீன மருந்துக் கடைகளிலும் முன்பு பரவலாகப் பயன்பட்ட டாச்சிங் எனும் கைத்தராசு இதற்கு நல்ல சான்று. நீண்ட கோலின் ஒரு முனைக்கு அருகே பிடிகயிறு இருக்கும். அதிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி 3 கிலோகிராம் மீனைத் தொங்கவிட்டால், மறுபக்கத்தில் 300 கிராம் எடைக்கல்லை 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு நகர்த்த வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு. தூரம் பத்து மடங்கு. கோல் சமமாக நிற்கும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. கோலுக்கும் தட்டுக்கும்கூட எடை இருக்கிறது அல்லவா? தராசு செய்பவர் அதை மறப்பதில்லை. வெறுந்தட்டோடு கோல் எந்த இடத்தில் சமநிலை கொள்கிறதோ, அந்த இடத்தையே சுழியமாகக் குறித்துவிட்டு மற்ற அளவுகளைப் பொறிக்கிறார்.

வகுப்பறையில் மாணவர்கள் தடுமாறும் இடமும் இதுவே. 3 மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றின் இரு முனைகளும் இரண்டு கற்கள்மீது இருப்பதாகக் கொள்வோம். 600 நியூட்டன் எடையுள்ள தொழிலாளி ஒருவர் இடப்பக்க முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளி நிற்கிறார். ஒவ்வொரு கல்லும் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது? இதற்கு விடை காண, பலகையை மட்டும் தனியாக வரைந்து, அதன்மீது செயல்படும் ஒவ்வொரு விசையையும் அம்புக்குறியால் காட்ட வேண்டும். தொழிலாளிக்கு ஓர் அம்பு, கற்களுக்கு இரண்டு அம்புகள். கணக்கிட்டால் இடக்கல் 400 நியூட்டன், வலக்கல் 200 நியூட்டன் தாங்குவதாக விடை வரும். கூட்டிப் பார்த்தால் 600 சரியாக இருக்கிறது. மாணவர் மகிழ்ச்சியோடு பேனாவை மூடிவிடுவார்.

ஆனால், பலகையின் எடை எங்கே? அது 120 நியூட்டன் என்றால், அதற்கும் பலகையின் நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்பு வரைய வேண்டும். அப்போது இடக்கல்லின் சுமை 460, வலக்கல்லின் சுமை 260 நியூட்டன் ஆகும். முதல் கணக்கில் பெருக்கல், வகுத்தல் எதிலும் பிழை இல்லை. ஓர் அம்பை வரையாமல் விட்டதே பிழை. இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். வரையப்பட்ட விசைகள் தமக்குள் ஒத்துப்போவதால் விடை சரியானது போலவே தோன்றும். பொறியியல் விரிவுரையாளர்கள் எண்களைத் தொடும் முன் வரைபடத்தை முடிக்கச் சொல்வது இதனால்தான்.

பலகையைப் பொறுத்தவரை, விடுபட்டது சிறிய அளவுதான். கான்கிரீட் கட்டடத்தில் நிலைமை நேர்மாறானது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறக்குறைய 2,400 கிலோகிராம். 15 சென்டிமீட்டர் தடிப்புள்ள தளத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் 360 கிலோகிராம் எடை கொண்டது. அந்த ஒரு சதுர மீட்டரில் நிற்கக்கூடிய மனிதர்களுக்கும் அறைகலன்களுக்கும், தங்கும் அறை என்றால், பொறியாளர்கள் ஒதுக்கும் சுமை ஏறக்குறைய 200 கிலோகிராம்தான். முதலாவதை நிலைச்சுமை என்றும் இரண்டாவதை மாறுசுமை என்றும் கூறுவர். உத்திரம், தூண், சுவர் ஆகியவற்றையும் சேர்த்தால் நிலைச்சுமை இன்னும் கூடும். கட்டடத்தின் தூண்கள் பெரும்பாலும் சுமப்பது அக்கட்டடத்தையேதான்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் 1971ஆம் ஆண்டு ஆறு மாடிக் கட்டடம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. லியான் யாக் கட்டடம் என்பது அதன் பெயர். கீழே வாகன நிறுத்துமிடம், தரைத்தளத்தில் வங்கி, அதற்கு மேல் இரவு விடுதி, எஞ்சிய மாடிகளில் நியூ வோர்ல்ட் ஹோட்டல். 1986 மார்ச் 15, சனிக்கிழமை. முற்பகல் 11.30 மணிக்குச் சற்று முன்னர் அந்தக் கட்டடம் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் இடிந்து தரைமட்டமானது. 33 பேர் உயிரிழந்தனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர்.

மீட்புப் பணியிலும் நிலையியல் குறுக்கிட்டது. குவிந்து கிடந்த இடிபாடும் ஒருவகைச் சமநிலையில்தான் இருந்தது. ஒரு பலகத்தை இயந்திரத்தால் இழுத்தால், அது தாங்கிக்கொண்டிருந்த மற்றொன்று உள்ளே சிக்கியவர்கள்மீது சரியக்கூடும். அச்சமயம் பெருவிரைவு ரயில் பாதைக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி, உதவிக்கு வந்தனர். இடிபாடுகளுக்கு அடியில் சிறிய சுரங்கங்கள் தோண்டப்பட்டன.

எதனால் இடிந்தது என்பதை விசாரணை ஆணையம் ஆராய்ந்தது. வெடிப்பு நிகழ்ந்ததா, ரயில் சுரங்கப் பணியால் நிலம் அசைந்ததா என்ற ஐயங்கள் ஆராயப்பட்டு விலக்கப்பட்டன. கூரையில் குளிர்சாதனக் கருவிகளும், வங்கியில் கனமான பெட்டகமும், வெளிச்சுவர்களில் ஓடுகளும் பின்னாளில் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றின் எடையும் கணக்கிடப்பட்டது. ஆனால், மூலக்காரணம் பழைய வடிவமைப்பிலேயே இருந்தது. தகுதிபெற்ற பொறியாளர் அல்லாத வரைவாளர் ஒருவர் கட்டமைப்பைக் கணக்கிட்டிருந்தார். மாறுசுமையை அவர் கணக்கில் கொண்டிருந்தார். கட்டடத்தின் சொந்த எடையை விட்டுவிட்டார். பலகைக் கணக்கில் மாணவர் வரையாமல் விட்ட அதே அம்புதான்.

அப்படியானால், அக்கட்டடம் ஏறக்குறைய 15 ஆண்டுகள் எப்படி நின்றது? வடிவமைப்பு விதிகள் ஒவ்வொரு தூணுக்கும் தேவைக்கு மேற்பட்ட வலிமையைக் கோருகின்றன. எதிர்பாராத குறைகளை ஈடுகட்டவே இந்தக் காப்பு வரம்பு. எல்லா அறைகளிலும் மாறுசுமை ஒரே நேரத்தில் முழுமையாக இருப்பதும் அரிது. இவ்வாறு மிஞ்சிய வலிமையைக் கொண்டே கட்டடம் தன் எடையைச் சுமந்தது. எல்லையை ஒட்டிய சுமையை நெடுங்காலம் தாங்கும் கான்கிரீட்டில் நுண்விரிசல்கள் மெல்லப் பெருகும். ஒரு தூண் தளர்ந்தால் அதன் பங்கு அடுத்த தூண்களுக்குப் போகும். அவற்றுக்கோ கூடுதலாகத் தாங்க வலிமை இல்லை. ஆண்டுக்கணக்கில் நின்ற கட்டடம் நொடிகளில் சரிந்தது இப்படித்தான்.

1989ஆம் ஆண்டு சிங்கப்பூரில் புதிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. கட்டமைப்பை வடிவமைக்கும் பொறியாளரின் கணக்குகளை, அவரோடு தொடர்பில்லாத, அங்கீகாரம் பெற்ற மற்றொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. கட்டி முடித்த பிறகும் சோதனை உண்டு. குடியிருப்புகளைப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மற்றக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பொறியாளர் பார்வையிடுகிறார். தூண்களிலும் உத்திரங்களிலும் விரிசலைத் தேடுகிறார். புதிதாகத் தண்ணீர்த் தொட்டி, இயந்திரம், தடுப்புச் சுவர் ஏதேனும் வந்திருக்கிறதா என்று பழைய வரைபடத்தோடு ஒப்பிடுகிறார். வந்திருந்தால், அதற்கும் ஓர் அம்பு வரைந்து, அதன் கீழுள்ள தூண்களின் சுமை அடித்தளம்வரை மீண்டும் கூட்டப்படுகிறது.