அழகுச் செடிகளும் சோறு போடும்!
அலங்காரத் தோட்டக்கலையில் அடியெடுத்து வைப்போர் அறிய வேண்டியவை

"மகன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "என்ஜினீயர்" என்றோ "கம்ப்யூட்டர் வேலை" என்றோ பெருமையுடன் விடையளிக்கும் பெற்றோர், "செடி வளர்த்து விற்கிறான்" என்று சொல்ல நேர்ந்தால் சற்றே தயங்குகின்றனர். மண்ணைத் தொட்டுச் செய்யும் வேலை மதிப்புக் குறைந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உழைப்பதற்கு ஆர்வமும் பொறுமையும் உள்ள எத்தனையோ இளைஞர்கள், தங்களுக்கு ஏற்ற ஒரு தொழில் அருகிலேயே இருப்பதை அறியாமல் போவதற்கு இவ்வெண்ணமும் ஒரு காரணமாகும்.

உண்மையில் இது மன்னர்கள் மதித்துப் போற்றிய கலை. பெங்களூரின் புகழ்பெற்ற லால்பாக் தோட்டத்திற்கு 1760ஆம் ஆண்டில் அடித்தளமிட்டவர் ஹைதர் அலி. அவர் மகன் திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் தருவித்து அதனை விரிவாக்கினார். சென்னையிலோ 1835லேயே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றிவிட்டது. பின்னர் 2010ஆம் ஆண்டு, முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இயங்கிய இடத்தில் தோட்டக்கலைத் துறையின் செம்மொழிப் பூங்கா எழுந்தது.

வாய்ப்பு எங்கே இருக்கிறது?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஒரு காலத்தில் ஏரிகளும் வயல்களுமாக இருந்த இவ்வட்டாரத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்துள்ளன. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கிவரும் ஏற்றுமதி மண்டலம், சோழிங்கநல்லூர், சிறுசேரி பகுதிகளின் மென்பொருள் நிறுவனங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள் ஆகிய அனைத்திற்கும் பசும்புல் வெளியும் பூச்செடிகளும் தேவைப்படுகின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளை மேம்படுத்துவோர் 10 விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது கட்டட விதி. அவ்வாறு ஒதுக்கப்படும் இடங்களில் பல பூங்காக்களாகின்றன. பூங்கா என்றால் அதனைப் பேணுவதற்கும் ஆள் வேண்டும்.

இத்தொழிலுக்கு நான்கு கிளைகள் உண்டு. முதலாவது, செடிகளை உற்பத்தி செய்து விற்கும் நாற்றுப் பண்ணை. இரண்டாவது, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுத்தல். மூன்றாவது, அமைத்த தோட்டத்தை மாத ஒப்பந்தத்தில் பராமரித்தல். நான்காவது, தொட்டிச் செடிகளை அலுவலகங்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் வாடகைக்குக் கொடுத்தல்.

புதியவர்களில் பெரும்பாலோர் எடுத்தவுடனே முதற்கிளையைப் பற்றிக்கொள்கின்றனர். சாலையோரத்தில் இடம் பிடித்து, ஒரு லாரிச் செடியை இறக்கி, பெயர்ப்பலகையும் மாட்டிவிடுகின்றனர். இழப்பு நேர்வதும் அங்கேதான் மிகுதி. மூன்றாம் கிளையான பராமரிப்பிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. அதற்கு நிலம் வேண்டாம். கத்தரிக்கோல், மண்வெட்டி, களைக்கொத்து, கைத்தெளிப்பான், ஓர் இருசக்கர வாகனம் ஆகியவை இருந்தால் போதும். மாதந்தோறும் குறிப்பிட்ட வருவாய் கிட்டுவதுடன், எந்தச் செடி எந்த மாதத்தில் வாடும், எது தழைக்கும் என்பதைப் பிறர் தோட்டத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

எங்கே கற்பது?

மேனிலைக் கல்வியில் அறிவியல் பாடம் பயின்ற மாணவர்கள், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்காண்டுத் தோட்டக்கலைப் பட்டப்படிப்பில் சேரலாம். பெரியகுளத்திலும் அப்பல்கலைக்கழகத்திற்குத் தோட்டக்கலைக் கல்லூரி உண்டு. பட்டப்படிப்புக்கு வாய்ப்பில்லாதோர் மனம் தளர வேண்டியதில்லை. அதே பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி வாயிலாகத் தமிழிலேயே சான்றிதழ்ப் பயிற்சிகளை நடத்துகின்றது. தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு செல்லும் இரயில் பாதையில், காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் ஒன்றும் இருக்கின்றது. நேரில் சென்று பயிற்சி விவரங்களைக் கேட்டறிவது நன்று.

எனினும் சான்றிதழ் மட்டும் செடியை வளர்த்துவிடாது. ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கோடையையும் ஏதேனும் ஒரு பண்ணையில் கூலிக்கு நின்று கழிப்பவரே இத்தொழிலைக் கற்றவராவார். அந்த ஓராண்டில் பதியம் போடுதல், ஒட்டுக்கட்டுதல், தண்டுக்குச்சி நடுதல், தொட்டி மாற்றுதல், பூச்சி நோய்களை அடையாளம் காணுதல் ஆகிய ஐந்தையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இத்துடன், செடிகளின் தாவரவியல் பெயர்களையும் மனத்தில் இருத்திக்கொள்ளல் நலம். வணிகப் பெயர் கடைக்குக் கடை மாறும். ஒப்பந்தப் பட்டியலில் பெயரைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கே பெரிய நிறுவனங்களின் வேலை கிடைக்கும்.

இவ்வட்டாரத்தின் மண்ணும் நீரும்

பல்லாவரம், தாம்பரம் குன்றுகளை ஒட்டிய பகுதிகளில் பாறையும் சரளையும் மிகுதி, நீர் நிற்காது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தாழ்வான நிலம். மழைக்காலத்தில் வேர் அழுகும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய இடங்களில் உவர்ப்புத் தன்மை காணப்படும். நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலின் கழிவுகளால் நிலத்தடி நீர் கெட்டுப்போன இடங்கள் உண்டு. ஆகவே, பண்ணைக்கு இடம் பார்ப்பவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் இலை நுனி கருகும். இலையின்மேல் வெள்ளை படியும். அத்தகைய செடியை எவரும் வாங்கார்.

வெள்ளத்தையும் மறத்தல் கூடாது. 2015 டிசம்பர் முதல் நாளன்று பெய்யத் தொடங்கிய பெருமழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூர் வட்டாரமே நீரில் மூழ்கியது. பாலித்தீன் பையில் உள்ள செடி வெள்ளத்தில் மிதந்து சென்றுவிடும். ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் போய்விடும். பண்ணை நிலம் மேடாக இருப்பது, சாலை முகப்பைக் காட்டிலும் முதன்மையானது. புறம்போக்கு நிலத்தில் பண்ணை போடுவதும் ஆகாது. சாலை அகலப்படுத்தப்படும்போது முதலில் அகற்றப்படுவது அதுவேயாகும்.

பண்ணைக் கணக்கு

சென்னையில் விற்கப்படும் அலங்காரச் செடிகளில் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இராஜமுந்திரியை அடுத்த கடியம் நாற்றுப் பண்ணைகளிலிருந்து லாரிகளில் வருபவை. கோதாவரிக் கரையின் வண்டல் மண்ணில் செழித்த செடி, தாம்பரத்துக் கோடையில் இறக்கியவுடன் இலை உதிர்க்கும். வந்த செடிகளை நிழல்வலையின்கீழ் இரண்டு மூன்று வாரமாவது வைத்துப் பழக்கிய பின்னரே விற்க வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். செடி ஒன்று 30 ரூபாய் வீதம் 100 செடிகள் வாங்குவதாகக் கொள்வோம். அடக்க விலை 3,000 ரூபாய். அவற்றில் 20 பட்டுப்போனால், எஞ்சிய செடி ஒவ்வொன்றின் அடக்கமும் 37 ரூபாய் 50 காசாக உயர்ந்துவிடும். தண்ணீர், கூலி, வாடகை ஆகியவை இதற்கு மேல். இந்தச் சாவுக்கணக்கை எழுதி வைக்காதவர்கள், நாள்தோறும் விற்பனை நடந்தும் கையில் ஏன் காசு நிற்கவில்லை என்று வியந்துகொண்டிருப்பர்.

வாங்கி விற்பதைவிட, தானே பெருக்கி விற்பதில்தான் ஆதாயம் நிலைக்கும். செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி, காகிதப்பூ, குரோட்டன்ஸ் ஆகியன தண்டுக்குச்சியிலேயே வேர்விடும். பென்சில் பருமனில் முற்றிய குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி, செம்மண், மணல், மட்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சமஅளவு கலந்த கலவையில் ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் காத்துவந்தால் போதும். தொடக்கத்தில் பத்து வகைச் செடிகளுக்கு மேல் வேண்டாம். அந்தப் பத்தையும் பழுதின்றி வளர்ப்பவர் என்ற பெயரை முதலில் எடுக்க வேண்டும்.

பருவமும் பார்க்க வேண்டும். டேலியா, பெட்டூனியா, சால்வியா போன்றவை இங்கே பனிக்காலத்தில்தான் மலரும். கோடையில் கை கொடுப்பவை காகிதப்பூ, டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி, அடீனியம் ஆகியவை. காகிதப்பூவுக்கு நீரை அளவாகக் குறைத்தால்தான் பூக்கும் என்பதைச் சொல்லித் தருபவரிடம் வாடிக்கையாளர் மீண்டும் வருவார். செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மாடித் தோட்டம்: ஓர் எச்சரிக்கை

மாடித் தோட்டம் அமைத்துத் தருமாறு கேட்போர் பலர். வீடுகளின் மொட்டை மாடி பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடையைத் தாங்கும் வகையில்தான் வடிவமைக்கப்படுகிறது. அரை அடி உயரம் ஈர மண் பரப்பினாலே எடை 250 கிலோவைத் தொடும். ஆகவே, மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கலந்து தொட்டிகளில் வைப்பதும், எடை மிகுந்தவற்றைச் சுவர், உத்தரம் ஆகியவற்றின்மேல் அமையுமாறு வைப்பதும் பாதுகாப்பானது. பிறர் வீட்டுக் கூரை விரிசல் விட்டால், தொழிலும் பெயரும் சேர்ந்தே போய்விடும்.

சபரிலிருந்து திரும்பியோருக்கும் சகோதரிகளுக்கும்

வளைகுடா நாடுகளில் பலதியாவின் பூங்காக்களிலும் சாலையோரத் தோட்டங்களிலும் பணியாற்றித் திரும்பிய சகோதரர்கள் நம்மிடையே உள்ளனர். சொட்டுநீர்க் குழாய் பதித்தல், புல் விரித்தல், வேலிச்செடியை ஒரே மட்டமாகக் கத்தரித்தல் ஆகியவற்றில் அவர்களுக்குள்ள கைத்திறன் இங்கே மிகவும் தேவைப்படுகிறது. ஆயினும் அங்கே கண்டதையெல்லாம் இங்கே நடுதல் கூடாது. பாலைவனச் சாலைகளில் வரிசையாக நிற்கும் கோனோகார்பஸ் மரத்தைச் சுற்றுச்சூழலுக்கும் உடல்நலத்திற்கும் கேடு என்று குஜராத் அரசு 2023இல் தடை செய்தது. தமிழ்நாட்டிலும் அதற்குத் தடை வந்துவிட்டது. அதற்கு மாற்றாகப் புங்கன், மகிழம், பூவரசு, வேம்பு என நம் மண்ணுக்குரிய மரங்கள் இருக்கின்றன.

வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்ல இயலாத சகோதரிகளுக்கும் இதில் இடமுண்டு. கொல்லைப்புறத்திலோ மாடி நிழலிலோ நூறு பைகளில் குச்சி ஊன்றித் தொடங்கலாம். அருகிலுள்ள பண்ணைகளே வாங்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தையும் சிறு உற்பத்தியாளருக்கு ஒரு வாய்ப்பு.

முதலும் கணக்கும்

வட்டிக்கு வாங்கிப் பண்ணை போடும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே கைவிடுவது நன்று. செடி வளரும் வேகத்தில்தான் பணம் திரும்பும். வட்டியோ அதனினும் விரைந்து வளரும். பராமரிப்பு வேலையில் சேர்த்த பணத்தைக்கொண்டு சிறிது சிறிதாகப் பண்ணையைப் பெருக்குவதே நிலையான வழி. மத்திய அரசின் உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைக்கின்றது. நிறுவனங்களிடம் ஒப்பந்தம் கேட்கையில் அது பயன்படும். உயிர்ச்செடிகளுக்குச் சரக்கு சேவை வரி இல்லை, பலவகைத் தொட்டிகளுக்கு உண்டு. இரண்டின் கணக்கையும் தனித்தனியே எழுதிவர வேண்டும். ஒப்பந்தத்தை, அது எவ்வளவு சிறியதாயினும், எழுத்தில் பெறுவது நலம். பட்டுப்போகும் செடிக்குப் பொறுப்பு யாருடையது, தண்ணீர் யார் தருவது என்னும் இரண்டு வரிகள் அதில் இருந்தாலே பெரும்பாலான மனத்தாங்கல்கள் எழா.

முதலிரண்டு ஆண்டுகள் இத்தொழிலில் பெரிய வருவாய் எதிர்பார்ப்பதற்கில்லை. அந்த இரண்டாண்டைப் பொறுத்துக்கொள்ளும் மனமும், குடும்பத்தின் ஆதரவும் இருக்குமாயின், மூன்றாம் ஆண்டில் தாய்ச்செடிகள் பெருகி, வாடிக்கையாளர் வட்டமும் விரிந்திருக்கும். எனவே, தோட்டத்தில் நாட்டமுள்ள பிள்ளையைப் "போயும் போயும் செடி விற்கவா?" என்று கேட்டு முடக்கிவிடாதீர்கள். அடுத்த விடுமுறையில் அருகிலுள்ள பண்ணை ஒன்றுக்கு அவனையோ அவளையோ அழைத்துச் சென்று, பத்துக் குச்சிகளை வாங்கிக் கையில் கொடுங்கள். எத்தனை துளிர்க்கின்றன என்று பார்த்தபின் முடிவெடுக்கலாம்.