டெபாசிட் உங்கள் பணம்தான்

கிள்ளானில் கல்யாணம். பினாங்கிலிருந்து வரும் குடும்பம் இரண்டு நாளுக்கு ஒரு ஹோம்ஸ்டே எடுக்கிறது. நலங்கு முடிந்த கையோடு பெண் கட்டிலில் உட்கார, வெள்ளை விரிப்பில் மஞ்சள் ஏறிவிடுகிறது. சாவியைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினால், 300 ரிங்கிட் டெபாசிட் வரவில்லை. "மெத்தை போச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி மட்டும் வருகிறது. தைப்பூசத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோவில் தங்குபவர்களுக்கும் இது நேரலாம்.

டெபாசிட் அபராதம் அல்ல. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். சலவைக்கு 30 ரிங்கிட் ஆனால் பில்லைக் காட்டி அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதே முறை. ஐந்து வருடம் உழைத்த மெத்தைக்குப் புது மெத்தையின் விலையைக் கேட்பது அநியாயம். அதேபோல், டுரியான் வாடையும் சிகரெட் சூடும் வைத்துவிட்டுப் போகிறவர் வீட்டுக்காரரின் செலவை ஏற்கத்தான் வேண்டும்.

வழக்கைத் தீர்மானிப்பது ஆதாரம். நுழைந்ததும் வாசலிலிருந்து வீடியோ எடுங்கள்: மெத்தையின் விரிப்பை விலக்கி, குளியலறைக் குழாயைத் திறந்து, சோபாவின் கிழிசலை நெருங்கிக் காட்டி. அப்போதே வீட்டுக்காரருக்கு அனுப்பினால் தேதியும் நேரமும் பதிவாகிவிடும். கிளம்பும்போதும் அப்படியே. ஏர்பிஎன்பி வழியே வந்த விருந்தினர் சேதம் செய்திருந்தால், அவர் வெளியேறிய 14 நாளுக்குள் வீட்டுக்காரர் அங்கே இழப்பீடு கோர வேண்டும்.

பணம் வராவிட்டால் விருந்தினர் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாதது குற்றம். வீட்டுக்காரர் அங்கே வழக்குத் தொடுக்க முடியாது; 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைக்கு அவருக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது.

வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோண்ட் கியாராவின் வெர்வ் சுவீட்ஸ் வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடை செய்ய அடுக்குமாடி நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே கட்டடத்தின் விதியை முதலில் படியுங்கள்.

விருந்தினர்களே, அடுத்த முறை சாவி கைக்கு வந்ததும், பையை இறக்குவதற்கு முன் போனை எடுங்கள்.