பதினாலு வருஷமா நிரம்பலை, டாக்டரம்மா!

திருச்சியில் பெல் நிறுவனத்தின் கைலாசபுரம் டவுன்ஷிப் சுற்றுச்சுவருக்கு வெளியே என் கிளினிக். ஐப்பசி மழை விட்டு மாதம், ஒன்றரை மாதம் ஆனதும் மஞ்சள் கண்களோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். போன மார்கழியில் ஒரே தெருவிலிருந்து நான்கு பேர். கடைசியாக வந்தவர் பெல்லில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காமாலை கண்டு பதினைந்து நாள் கழித்துத்தான் வந்தார். அதுவரை உப்பில்லாப் பத்தியம்.

"செப்டிக் டேங்க் எப்ப சார் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வீடு கட்டிப் பதினாலு வருஷமாச்சு டாக்டரம்மா. ஒரு தடவைகூட நிரம்பலை. மேஸ்திரி அவ்வளவு நல்லாக் கட்டிக் கொடுத்திருக்கார்" என்றார், பெருமையாக.

மேஸ்திரி கட்டவே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

நிரம்பாத டேங்க் எங்கே போகிறது?

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க், புழங்க ஆரம்பித்த சில நாளிலேயே வெளிக்குழாய் மட்டம்வரை நிரம்பிவிடும். அதன் பிறகு எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். கசடு அடியில் தங்கும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து அதை எடுக்க வேண்டும். பதினாலு வருடம் நிரம்பவில்லை என்றால் அடியில் தளம் இல்லை. நாலு உறையை இறக்கி, அடியை மண்ணாக விட்டு, மேலே மூடி போட்டிருக்கிறார்கள். அது டேங்க் அல்ல, பூமிக்குள் ஒரு ஓட்டை.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவரை இவரைப் போன்ற பெல் ஊழியர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. எல்லாம் குழாய் வழியே போய்விடும். ஓய்வு பெற்று, சுற்றுவட்டார ஊராட்சியில் மனை வாங்கி வீடு கட்டும்போதும் தண்ணீரை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றே நினைக்கிறார்கள்.

கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அடிக்கணக்கில் ஏறக்குறைய 59. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே ஐம்பது அடிதான். ஆக, உங்கள் மனைக்குள் அந்த இடைவெளிக்கு வழியே இல்லை. போதாததற்குப் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போர்வெல்லை ஒட்டியும், உங்கள் டேங்க் அவர் போரை ஒட்டியும் இருக்கும். யாருக்கு யார் காமாலை கொடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

"எங்க போர் முந்நூறு அடி" என்பது அடுத்த வாதம். ஆழம் முந்நூறு இருக்கலாம், கேசிங் பைப் மண் இருக்கிற ஆழம்வரைதான். கீழே நம் பக்கம் பாறை. தண்ணீர் வருவதே அந்தப் பாறையின் வெடிப்புகள் வழியாகத்தான். அதே வழியில் மற்றதும் வரும்.

"ஆர்ஓ மெஷின் இருக்கே!" இருக்கிறது. குடிக்க மட்டும். பல் துலக்குவதும், கொத்தமல்லி அலசுவதும், தட்டு கழுவுவதும் போர்த் தண்ணீரில்தானே?

டேங்கில் வெல்லமும் சாணமும் கரைத்து ஊற்றினால் லாரியே வேண்டாம் என்கிறார்கள். எதை ஊற்றினாலும் கசடு தானாக மறையாது. ஆசிட்டை ஊற்றினால், கசடைச் செரிக்கிற நுண்ணுயிர்கள்தான் சாகும்.

சூடு போட்ட மணிக்கட்டுகள்

கழிவு கலந்த தண்ணீர் வழியே காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ கிருமி புகுந்து நோய் வெளியே தெரிய இரண்டு முதல் நான்கு வாரம். 'ஈ' வகைக்கு இரண்டு முதல் பத்து வாரம். மழையில் குடித்த தண்ணீரை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். பழியைப் போன வாரம் தின்ற பரோட்டா சுமக்கும்.

காமாலைக்கு மணிக்கட்டில் சூடு போட்டுக்கொண்டு இன்னமும் வருகிறார்கள். எனக்கு இப்போது இரண்டு வைத்தியம், கல்லீரலுக்கு ஒன்று, தீப்புண்ணுக்கு ஒன்று. கண்ணில் இலைச்சாறு பிழிந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. தலையில் போட்ட மாலை நீண்டுகொண்டே போனால் காமாலை இறங்குகிறதாம். முடிச்சு தளர்ந்தால் மாலை நீளத்தான் செய்யும். பெரும்பாலோருக்கு இந்தக் காமாலை தானாகவே சரியாகும், பெயரை மாலை தட்டிக்கொண்டு போகும். ஆகாத சிலருக்குத்தான் அந்தப் பதினைந்து நாள் எமன். குழப்பமான பேச்சு, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிக்கு 'ஈ' வகை வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர்வரை இறக்க நேரலாம். அந்த வீட்டில் பத்தியம் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

அதே தண்ணீரால் வரும் பேதிக்கு மெடிக்கலில் "நிப்பாட்டுற மாத்திரை" வாங்குவது அடுத்த கூத்து. குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், டம்ளரில் அல்ல. டைபாய்டு காய்ச்சல் மூன்றாம் நாள் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் கொடுக்கிறவர்களை என்ன சொல்ல?

காமாலை என்றால் ரத்தத்தில் பிலிருபினும் கல்லீரல் நொதிகளும் பாருங்கள்; டைபாய்டு சந்தேகமென்றால் ஆன்டிபயாடிக்குக்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுங்கள்.

மூடியைத் திறக்க ஏன் இத்தனை எதிர்ப்பு?

பக்கத்து ஊராட்சி ஒன்றின் கிராம சபையில், வீடு வீடாக டேங்கைப் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் எழுந்து, "இன்னைக்கு டேங்கை அளப்பாங்க, நாளைக்கு வீட்டை அளப்பாங்க" என்றார். கட்சி பேதமில்லாமல் கைதட்டல். 2025 ஜனவரியில் ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று எழுந்த பயம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பார்க்க வருகிறவர் கை நீட்ட மாட்டார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியுமா?

2014-ல் அரசு கசடுக் கழிவு மேலாண்மை வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. ஆனாலும் டவுன்ஷிப் சுவருக்கு இந்தப் பக்கம் ஊராட்சியில் உள்ள வீட்டின் மூடியைத் திறந்து பார்க்க ஆளில்லை. 2025 ஏப்ரலில் திருச்சி மாநகராட்சியின் உறையூரில் வாந்திபேதியும் உயிரிழப்பும் நேர்ந்தபோது, குடிநீரில் சாக்கடை கலந்ததாக மக்கள் சொன்னார்கள், மாநகராட்சி மறுத்தது. அங்கே சண்டை போட ஒரு மாநகராட்சியாவது இருந்தது. சொந்த போரில் சொந்தக் கழிவு கலந்தால் யாரோடு சண்டை போடுவீர்கள்?

மூடியைத் திறக்க அயர்லாந்திலும் இதே எதிர்ப்பு எழுந்திருக்கிறது. செப்டிக் டேங்குகளைக் கண்காணிக்கவில்லை என்று 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2012-ல் பதிவுக்கு 50 யூரோ, பிறகு ஆய்வு என்று சட்டம் வந்ததும் கிராமங்கள் கொதித்தன. கிராமத்தான் தலையில் இன்னொரு வரியா என்று அரசியல்வாதிகள் கிளம்பினார்கள். முதலில் பதிவு செய்கிறவர்களுக்கு 5 யூரோ என்று அரசு இறங்கி வந்தது. 2013-ல் மூடியைத் திறந்து பார்க்கத் தொடங்கியதும், பார்த்தவற்றில் ஏறக்குறைய பாதி தேறவில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன்

சட்டம் வரும்போது வரட்டும், உங்கள் டேங்கை நீங்களே திறந்து பாருங்கள். திறந்ததும் தள்ளி நில்லுங்கள், தீக்குச்சி கொளுத்தாதீர்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். இறங்கினவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாகிறார். விஷவாயு அதிகமானால் நாற்றம்கூடத் தெரியாது, மூக்கு மரத்துவிடும். பாதுகாப்புக் கவசமின்றி ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. டேங்கைச் சுத்தம் செய்ய 14420 உதவி எண்ணுக்கு அழையுங்கள், இல்லையென்றால் உரிமம் உள்ள லாரியைக் கூப்பிடுங்கள். எடுத்ததை ஏரியில் கொட்டுகிற லாரிக்கு நூறு ரூபாய் குறைவென்று ஆசைப்படாதீர்கள். அடியில் தளம் இல்லையென்றால், தளத்தோடு புது டேங்க் கட்டுங்கள். தண்ணீர் கொதித்துப் புரண்ட பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். கர்ப்பிணி இருக்கிற வீடென்றால் இதில் எதையும் தள்ளிப்போடாதீர்கள் தாயீ.

அடுத்த கிராம சபைக்கும் போவேன். முதலில் என் கிளினிக் டேங்கைத் திறந்து காட்டச் சொல்வார்கள். காட்டத்தான் வேண்டும். பதினோரு வருடமாகிறது, அதுவும் நிரம்பவில்லை.