பரணில் உறங்கும் கணினி

நம் வீடுகள் பலவற்றின் பரணில், அக்காவோ அண்ணனோ பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற மடிக்கணினி ஒன்று பையோடு உறங்கிக்கொண்டிருக்கும். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அக்காலக் கணினியை இன்று இயக்கினால் திரை விழிப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடுகிறது. பழுதாகிவிட்டது என்று மூடிவைத்துவிடுகிறோம்.

உண்மையில் அது பழுதாகவில்லை. அதன் நுண்செயலி அன்று போட்ட கணக்குகளை இன்றும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் போடுகிறது. பெருத்துவிட்டவை மென்பொருள்களே. விண்டோஸ் 11 இயங்குதளத்திற்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இருப்பதோ 2 ஜிகாபைட்.

இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கிறது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய நிரல் அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆகவே, வலுக்குறைந்த கணினிகளுக்கென்றே பப்பி லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் போன்ற மெலிந்த வடிவங்களைத் தன்னார்வலர்கள் உருவாக்கினர். விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேரோ!

நிறுவும் முன்பே லினக்ஸை ஓட்டிப் பார்க்க முடியும். பென் டிரைவில் அதனைப் பதிந்து, அதிலிருந்தே கணினியை இயக்கினால் வன்தட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். விசைப்பலகை, ஒலி, அருகலை ஆகியவை இயங்குகின்றனவா என்று அப்போதே அறியலாம். நிறுவுவது என்று முடிவுசெய்தால், பழைய கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் கணினியை இயக்கவே கூடாது. அறிந்தவரைக் கொண்டு அதனை அகற்றிய பின்னரே அடுத்த வேலை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இயங்குதளம் மெலிந்தாலும் இணையதளங்கள் மெலிவதில்லை. உலாவியில் காணொளியைத் திறந்தால் பழைய கணினி மீண்டும் மூச்சுவாங்கும். எனவே, அதற்கு ஏற்ற ஒரே ஒரு பணியைத் தருவதே அறிவுடைமை. கட்டுரை தட்டச்சு செய்யலாம், பைத்தான் பழகலாம், இசைப்பெட்டியாகவும் ஆக்கலாம்.

எங்கள் பள்ளி நூலகத்தில் அத்தகைய கணினி ஒன்று கலைக்களஞ்சியமாக இருக்கிறது. கிவிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின் துணையால் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாகப் பதிவிறக்கி, இணையமின்றிப் படிக்க இயலும். 1.5 இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள்ளன. ஆய்வகத்தின் மற்றக் கணினிகளும் அதனுடன் இணைந்து அவற்றைப் படிக்கின்றன. பழைய 60 வாட் குண்டு விளக்கைவிடக் குறைந்த மின்சாரமே அதற்குச் செலவாகிறது. இதனை நிறுவியவர்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவியர் இருவர். முதல் முயற்சியில் தமிழ் எழுத்துரு இல்லாமையால் திரை முழுதும் கட்டங்களாகத் தெரிந்தன. மறுநாள் அதனையும் அவர்களே சரிசெய்தனர்.

அவர்களுள் ஒருவர், தம் பாட்டி பாடும் நடவுப் பாடல்களை அதில் பதிவுசெய்யலாமா என்று சென்ற வாரம் கேட்டார். ஒலிவாங்கி இயங்குகிறதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.